வெங்காயம் வந்துவிட்டது, காகிதம் வரவில்லை

தேக்கா பஃபலோ ரோட்டில் வெங்காயம் வாங்குவோர் விலையைக் கேட்பார்கள். அந்தச் சரக்கைத் துறைமுகத்திலிருந்து எடுக்க எந்தக் காகிதம் தேவைப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால், அந்தக் காகிதம் தாமதமானால் அதற்கான செலவு விலையிலும் ஏறக்கூடும்.

உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூர், இந்த வேலையை முன்கூட்டியே மின்னிலக்கமயமாக்கியது. 1989ஆம் ஆண்டு தொடங்கிய ‘டிரேட்நெட்’ தளத்தில் ஒரே விண்ணப்பத்தில் இறக்குமதி அனுமதி பெறலாம். முன்பு நாள்கணக்கில் ஆன வேலை, இப்போது பெரும்பாலும் பத்து நிமிடங்களில் முடிகிறது.

பிறகு ஏன் சரக்கு காத்திருக்கிறது?

காரணம், ‘பில் ஆஃப் லேடிங்’ எனப்படும் கப்பல் சரக்குச் சீட்டு. சரக்கு யாருக்குச் சேரும் என்பதற்கு அதன் அசல்தான் ஆதாரம். விற்பவரிடமிருந்து அவரது வங்கிக்கும், அங்கிருந்து இங்குள்ள வங்கிக்கும், கடைசியாக வாங்குபவருக்கும் அது கூரியரில் வருகிறது. சென்னையிலிருந்து கப்பல் ஏறக்குறைய ஒரு வாரத்தில் வந்துவிடும், சீட்டு பிந்தலாம். அதுவரை கொள்கலன் துறைமுகத்திலேயே கிடக்கும். தாமதக் கட்டணம் ஏறும், வெங்காயம் முளைவிடும்.

இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. விற்பவர் அசல் சீட்டை அங்கேயே கப்பல் நிறுவனத்திடம் ஒப்படைத்தால், இங்கு அசல் இல்லாமலேயே சரக்கை எடுக்கலாம். ஆனால், பணம் வருமுன் அப்படிச் செய்தால் சரக்கின் மீதுள்ள பிடி விற்பவரிடமிருந்து போய்விடும். நெடுநாள் பழகிய வணிகர்களுக்கு இது சரிவரும். புதிதாக ஏற்றுமதிக்கு வரும் சிறு வணிகரோ உழவர் குழுவோ அந்தத் துணிச்சலுக்கு எளிதில் வரமாட்டார்கள்.

மின்னிலக்கச் சீட்டு உதவுவது இங்கேதான். பணம் வரும்வரை உரிமை விற்பவரிடம் இருக்கும். வந்ததும் சில நிமிடங்களில் கைமாறும். 2021ல் சிங்கப்பூர் தன் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்தைத் திருத்தி, அத்தகைய சீட்டுக்குக் காகிதச் சீட்டுக்கு இணையான தகுதி அளித்தது. 2023ல் பிரிட்டனும் இதற்குச் சட்டம் இயற்றியது.

எனினும், ஒரு கை ஓசை எழுப்பாது. அனுப்பும் நாட்டின் சட்டம், கப்பல் நிறுவனம், இரு பக்க வங்கிகள் ஆகிய அனைத்தும் ஏற்றால்தான் மின்னிலக்கச் சீட்டு செல்லும். அதற்காகவே நாடுகள் உடன்பாடு செய்துகொள்கின்றன. 2020ல் சிங்கப்பூர், நியூசிலாந்து, சிலி ஆகியவை கையெழுத்திட்ட மின்னிலக்கப் பொருளியல் பங்காளித்துவ உடன்பாடு, வர்த்தக ஆவணங்களின் மின்னணு வடிவத்தை ஏற்கவும் பயிர், கால்நடைச் சுகாதாரச் சான்றிதழ்களை மின்னணு முறையில் பகிரவும் வழிவகுக்கிறது. 2024ல் தென்கொரியாவும் இணைந்தது. இந்தியா இதில் உறுப்பினர் அல்ல.

ஆவணம் விரைந்தாலும் அரசாங்கத்தின் கொள்கை தடுத்தால் சரக்கு நகராது. 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதம்தான் அதை நீக்கியது. அத்தகைய தடையை எந்தக் கணினியாலும் திறக்க முடியாது. ஆனால், கப்பலில் வந்து சேர்ந்த மூட்டை ஒரு காகிதத்துக்காக அழுகுவதைத் தவிர்க்க முடியும்.