பட்டத்தை எண்ணினால் ஊரை அளந்ததாகுமா?

அமெரிக்காவில் ஒரு மாநிலமோ நகரமோ நிறுவனங்களைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும்போது எடுத்துக்காட்டும் கணக்குகளில் ஒன்று, 25 வயதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள் என்பது. ஆண்டுதோறும் சுமார் 35 லட்சம் முகவரிகளுக்குக் கேள்வித்தாள் அனுப்பி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் இதைத் திரட்டுகிறது. முதுநிலை, முனைவர் பட்டங்களோடு மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளும் இதில் சேரும். நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 14 சதவீதம். மாசசூசெட்ஸில் ஐந்தில் ஒருவர். தலைநகர் வாஷிங்டனில் மூன்றில் ஒருவருக்கும் மேல். மேற்கு வர்ஜீனியாவில் பத்தில் ஒருவர் தேறுவதே பெரும்பாடு. படித்தவர்கள் கூடிய இடத்தில் சம்பளம் உயர்ந்திருக்கிறது, பட்டங்களைப் பெருக்கினால் நம் பகுதியும் உயரும் என்று திட்டமிடுவோர் கணக்குப் போடுகிறார்கள். முதல் பாதியில் உண்மை உண்டு. இரண்டாம் பாதி அதிலிருந்து பிறப்பதில்லை.

நியூ மெக்சிகோவைப் பாருங்கள். 1943இல் அணுகுண்டு செய்வதற்காக லாஸ் அலமாஸ் மேட்டில் ஓர் ஆய்வகம் எழுந்தது. இன்றும் அந்த ஊருக்குச் சோறு போடுவது அதுதான். சுமார் 20,000 பேர் வாழும் அந்தக் கவுன்டியில் வயது வந்தோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள். மேட்டை விட்டு இறங்கினால் ரியோ அரீபா கவுன்டி. அங்கே வறுமை நாட்டுச் சராசரியைவிட மிக அதிகம். முக்கால் நூற்றாண்டைத் தாண்டியும் மேட்டின் படிப்பு கீழே வழியவில்லை. இன்னொரு பக்கத்தில் சாண்டா ஃபே. ஓய்வுபெற்றவர்கள் விரும்பிக் குடியேறும் ஊர் அது. கணக்கெடுப்பில் 25 என்ற கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு இல்லை. ஆகவே வேலையை விட்டுப் பல்லாண்டு கழித்த பேராசிரியரும் அந்தச் சதவீதத்தில் இருக்கிறார். இப்படியெல்லாம் சேர்ந்து, நாட்டிலேயே வறுமை மிகுந்த மாநிலங்களில் ஒன்றான நியூ மெக்சிகோ, இந்த ஒரு கணக்கில் மட்டும் நாட்டுச் சராசரியை ஒட்டி வந்து நிற்கிறது. வடக்கு டகோட்டா இதற்கு நேரெதிர்: எண்ணெயும் விவசாயமும் வேலை தருகின்றன, வேலையின்மை நாட்டிலேயே மிகக் குறைந்த இடங்களில் ஒன்று, பட்டமேற்படிப்பு வரிசையிலோ கடைசிப் பந்தி.

பட்டமும் நிலையான அளவுகோல் அல்ல. அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவதற்கு ஒருகாலத்தில் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்தது. 2000க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு 'டாக்டர் ஆஃப் பார்மசி' கட்டாயமாயிற்று. இயன்முறை சிகிச்சையாளர்களுக்கும் அப்படித்தான் ஆனது. ஒரே கடையில் ஒரே வேலை பார்க்கும் இருவரில் மூத்தவர் இந்தச் சதவீதத்துக்கு வெளியே, இளையவர் உள்ளே. நியூயார்க் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர் நிரந்தரத் தகுதிச் சான்று பெற, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் முதுநிலைப் பட்டம் முடித்தாக வேண்டும். அந்த விதி இல்லாத மாநிலத்து ஆசிரியர் மட்டமானவர் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள். சதவீதம் ஏறியதில் திறன் எவ்வளவு, உரிம விதி எவ்வளவு என்று அந்த எண் பிரித்துக் காட்டாது.

பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டியின் ஆய்வை இங்கே எதிர்வாதமாக வைக்கலாம், வைக்கவும் வேண்டும். ஒரு நகரத்தில் கல்லூரிப் பட்டதாரிகளின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி கூடினால், பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களின் கூலியும் ஏறக்குறைய 1.9 சதவீதம் உயர்கிறது என்று 2004இல் அவர் காட்டினார். படித்தவர் பக்கத்தில் இருப்பதால் படிக்காதவருக்கும் லாபம் என்பது சாதாரண முடிவு அல்ல. ஆனால் அவர் எண்ணியது இளநிலைப் பட்டத்தையும் சேர்த்து. அதற்கு மேலே இன்னொரு பட்டம் ஏறினால் அதே பலன் கிட்டும் என்பது அதிலிருந்து வராது. தவிர, அந்தப் பலன் பாய வேண்டுமானால் படித்தவர் அதே சந்தையில் உழைக்க வேண்டும், கீழ்நிலை வேலைகளையும் உண்டாக்கும் தொழில் அங்கே இருக்க வேண்டும். வேலி போட்ட ஒற்றை ஆய்வகம் அதைச் செய்யாது.

இந்தக் கணக்கைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஓர் ஊர் யாரை ஈர்த்து வைத்திருக்கிறது என்பதை அது நன்றாகவே சொல்கிறது. சிலிக்கன் பள்ளத்தாக்கின் சாண்டா கிளாரா கவுன்டியில் நான்கில் ஒருவருக்கும் மேல் பட்டமேற்படிப்பு முடித்தவர்கள். மக்களில் சுமார் 40 சதவீதம் வெளிநாட்டில் பிறந்தவர்கள். வெளிநாட்டவர் அங்கே வேலை பார்க்க வழங்கப்படும் எச்-1பி விசாவில் பொது ஒதுக்கீடான 65,000 போக, அமெரிக்காவில் முதுநிலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கென 20,000 தனியாக உண்டு. சென்னையிலோ கோவையிலோ பி.இ. முடித்து, அங்கே எம்.எஸ். சேர்ந்த பிள்ளைகளில் பலர் அந்த வழியாகத்தான் அங்கே தங்கினார்கள். வளர்த்த செலவு இங்கே, பெருமை சாண்டா கிளாராவின் சதவீதத்தில். ஒரு பகுதி உழைப்பவர்களை ஈர்க்கிறதா, ஓய்வுபெற்றவர்களையா என்று அறிய 25 முதல் 34 வயது வரை உள்ளவர்களைத் தனியே பார்த்தாலே பாதி தெளிந்துவிடும். வயதுவாரியான அந்த அட்டவணையையும் அதே அலுவலகம் வெளியிடத்தான் செய்கிறது. விளம்பரத்துக்கு மொத்தச் சதவீதம்தான் தோது.