தீவு விமான நிலையமும் புகைபிடிக்கும் பிரயாணியும்

அந்தமான் தீவுகளில் நம் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாகக் குடியேறி வாழ்ந்துவருகின்றனர். தாயகத்திற்குப் போய்வர முன்னாளில் அவர்கள் கப்பலையே பெரிதும் நம்பியிருந்தனர். மூன்று நாட் கடற்பயணம் நெடியதாயினும், நடக்க இடமும் நிற்கக் காற்றும் உண்டு. இன்றோ, சென்னையில் ஏறினால் இரண்டு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட பொழுதில் விமானம் நம்மைத் தீவில் இறக்கிவிடுகிறது. பயணம் சுருங்கிற்று, கட்டுப்பாடோ பெருகிற்று. முதன்முறையாக விமானம் ஏறும் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், அவருக்குப் பீடியோ சிகரெட்டோ பழக்கமாயின், கீழ்க்காணும் செய்திகளை முன்கூட்டியே அறிந்துகொள்வது குடும்பத்தார் அனைவருக்கும் நன்று.

2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேரில் உள்ளது வீர சாவர்க்கர் விமான நிலையம். சிப்பியின் வடிவில் அமைந்த அதன் புதிய கட்டடம் 2023ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் திறக்கப்பெற்றது. சென்னை, தில்லி நிலையங்களை நோக்க இது சிறியதே. ஆயினும் சட்டம் சிறிய நிலையத்திற்கு ஒன்று, பெரிய நிலையத்திற்கு வேறொன்று என்று இல்லை.

அச்சட்டம் யாது? 2003ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற புகையிலைப் பொருள்கள் சட்டத்தின் 4ஆம் பிரிவு, பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்கிறது. அதன்கீழ் வகுக்கப்பெற்ற விதிகள் 2008ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நடைமுறைக்கு வந்தன. மீறுவோர்க்கு 200 ரூபாய் வரை அபராதம். பொதுமக்கள் வந்துபோகாத திறந்த வெளி இத்தடையில் அடங்காது. ஆனால் நிலையத்தின் கூரைக்கு உட்பட்ட இடமெல்லாம், கழிப்பறை உட்பட, அடங்கும்.

‘விமான நிலையத்தில் புகைபிடிக்கத் தனி அறை இருக்குமே’ என்று கேட்போர் உளர். விமான நிலையங்களில் அத்தகைய அறை அமைக்கலாம் என்றுதான் சட்டம் கூறுகிறது; அமைத்தே தீரவேண்டும் என்று கூறவில்லை. அமைப்பதாயினும், நாற்புறமும் கூரைவரை சுவர் எழுப்பி, தானே மூடிக்கொள்ளும் கதவு பொருத்தி, உள்ளிருக்கும் புகை பிறர் சுவாசிக்கும் காற்றோடு கலவாமல் நேரே வெளியேறுமாறு செய்தல் வேண்டும். ஆதலால், அறை இருக்கும் என்று நம்பிப் புறப்படுவதினும், இராது என்று எண்ணிப் புறப்படுவதே அறிவுடைமை.

இனி, நெருப்பைப் பற்றி ஒரு சொல். தீப்பெட்டியும் லைட்டரும் நம் நாட்டு விமானப் பயணத்தில் விலக்கப்பட்டவை. கைப்பையிலும் வைக்கலாகாது, சரக்கில் ஏற்றும் பெட்டியிலும் வைக்கலாகாது. சட்டைப் பையிலுள்ள தீப்பெட்டியைச் சோதனையின்போது வாங்கிக்கொள்வர்; அதற்காக வாதாடிப் பயனில்லை. மின்சிகரெட்டோ எனில், 2019ஆம் ஆண்டுச் சட்டம் அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தையும் நாடெங்கும் தடுத்துவிட்டது. வெளிநாட்டு உறவினர் அன்பளிப்பாகத் தந்தாலும் அதனை ஏற்றுக்கொள்ளற்க.

விமானத்தினுள் இவ்வளவு கண்டிப்பு எதற்கு? 1973ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் பிரேசில் நாட்டு விமானம் ஒன்று பாரிஸ் நகரை நெருங்கும்போது, அதன் கழிப்பறையில் தீப்பிடித்தது. விமானி வயலில் இறக்கியும் 123 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது புகையே. குப்பைப் பெட்டியில் எறியப்பட்ட அணையாத சிகரெட்டே காரணமாக இருக்கலாம் என ஐயுற்றனர். இன்றும் விமானக் கழிப்பறைக் கதவருகே சிறு சாம்பற்கிண்ணம் ஒன்று இருக்கக் காணலாம். அது புகைபிடிக்க விடுக்கும் அழைப்பன்று. விதியை மீறும் ஒருவன் கையிலுள்ள நெருப்பாவது காகிதக் குப்பையிற் சேராதிருக்கட்டும் என்னும் முன்னெச்சரிக்கை. கழிப்பறையில் புகையை உணரும் கருவியும் உண்டு. இக்குற்றம் புரிவோரை ஒழுங்கற்ற பிரயாணிகள் பட்டியலிற் சேர்த்து, அவர்கள் பறப்பதைத் தடுக்கவும் 2017ஆம் ஆண்டு வகுக்கப்பெற்ற விதிகள் இடந்தருகின்றன.

இருப்புப்பாதை எழுத்தனாகிய நான் கால அட்டவணையிலேயே எதையும் கணக்கிட்டுப் பழகியவன். இதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். புறப்பாட்டிற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக நிலையத்தினுள் நுழைகிறோம். பறத்தல் இரண்டு மணிக்கு மேல். இறங்கிப் பெட்டி பெற்று வெளிவர அரை மணிக்குக் குறையாது. ஆக, ஐந்து மணி நேரம் புகையின்றி இருத்தல் வேண்டும். சிலருக்கு இது பெருந்துன்பம். எரிச்சலும் படபடப்பும் தோன்றும். அவரைக் கடிந்துகொள்வதால் துன்பம் தணியாது. ஆயத்தம் செய்துகொள்வதால் தணியும்.

செய்யத்தக்கவை இவை. கடைசிப் பீடியை நிலையத்தினுள் நுழையுமுன், வாயிலுக்கும் குழந்தைகளுக்கும் அப்பால், தடைப்பலகை இல்லாத திறந்த வெளியில் முடித்துக்கொள்க. மருந்துக் கடையில் 2 மில்லிகிராம் நிகோடின் மெல்லுபசை மருத்துவர் சீட்டின்றியே கிடைக்கும். அதனை மெதுவாகச் சற்றே மென்று, பின் கன்னத்தில் அடக்கிக்கொள்ளல் வேண்டும். காப்பி குடித்தவுடன் மென்றால் பயன் குறையும். இதய நோயாளரும் கருவுற்ற மாதரும் மருத்துவரைக் கேளாமல் அதனைப் பயன்படுத்தலாகாது. புகைக்கு மாற்றாகப் புகையிலையை வாயிலடக்குவதோ வழியன்று. வாய்ப் புற்றுநோய்க்கு அதுவே வாயில். புகை வேட்கை எழும்போதெல்லாம் அது சில நிமிடங்களில் தானே தணியும் என்பதை நினைவிற்கொண்டு, எழுந்து சிறிது நடப்பதும் தண்ணீர் அருந்துவதும் நலம்.

நிற்க. ரயிலிலும் இத்தடை புதிதன்று. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 167ஆம் பிரிவு வண்டியிற் புகைபிடிப்பதை அபராதத்திற்குரியதாக்கியுள்ளது. ஆயினும் வண்டி நிலையத்திற்கு நிலையம் நிற்கும். ஆகாயத்தில் நடுநிலையம் இல்லை. ஐந்து மணி நேரம் புகையின்றி இருந்து காட்டிய ஒருவர், ஆறாவது மணியையும் அவ்வாறே கழிக்க இயலாதா? விரும்புவோர்க்குத் துணைபுரிய மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356 உள்ளது. தீவில் இறங்கியதும் தீப்பெட்டிக் கடையைத் தேடுமுன், நம்மவர் அவ்வெண்ணை ஒருமுறை நினைப்பாராக. வாயிலில் காத்துநிற்கும் பேரக் குழந்தை, புகை நாற்றமில்லாத தாத்தாவின் தோளில் முகம் புதைக்கட்டும்.