வேலையிடத்தில் கால் பிசகினால்…

உயரத்திலிருந்து விழுவதும் இயந்திரத்தில் சிக்குவதும்தான் பணியிட விபத்து என்று பலரும் நினைக்கிறோம். துணிக்கட்டோடு மாடிப்படி இறங்கும் ஜவுளிக்கடை ஊழியருக்கும், ஈரத்தரையில் விரைந்து நடக்கும் ஓட்டல் பணியாளருக்கும் வெறும் நடையிலேயே கால் பிசகிவிடுகிறது. அதைச் 'சாதாரணச் சுளுக்கு' என்று விட்டுவிடக் கூடாது.

எந்த அசைவில் என்ன காயம்?

கணுக்கால்: கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைத்தால் பாதம் உட்பக்கமாக மடங்கும். கணுக்காலின் வெளிப்புறத் தசைநார் கிழிவது பெரும்பாலும் இப்படித்தான்.

முழங்கால்: குந்தி எழும்போது, பாதத்தை ஊன்றியபடியே பாரத்தோடு உடம்பைத் திருப்பினால் மூட்டு ஜவ்வு கிழியலாம். பிறகு காலை மடக்கவோ நீட்டவோ முடியாமல் மூட்டு பிடித்துக்கொள்ளும்.

கெண்டைக்கால்: தள்ளுவண்டியை எம்பித் தள்ளும்போது, பின்னாலிருந்து யாரோ அடித்ததுபோல் சுரீரென்று வலித்தால் தசை கிழிந்திருக்கலாம்.

முதலுதவி

உடனே வேலையை நிறுத்துங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யலாம். மிதமான இறுக்கத்தில் கிரேப் பேண்டேஜ் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்களுக்குச் சூட்டு ஒத்தடமும் உருவி விடுவதும் வேண்டாம். அவை வீக்கத்தை அதிகமாக்கும்.

எப்போது மருத்துவமனை?

நான்கு அடிகூட நடக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் எலும்பின்மேல் அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதம் மரத்துப்போனாலும், குதிகாலுக்கு மேலே 'பட்' என்ற சத்தத்தோடு வலி வந்து நுனிக்காலில் நிற்க முடியாமல் போனாலும் தாமதிக்கக் கூடாது.

வருமுன் காக்க

திரும்பும்போது இடுப்பை மட்டும் முறுக்காமல் பாதத்தையும் சேர்த்து நகர்த்துங்கள். கண்ணை மறைக்கும் அளவுக்குச் சுமை அடுக்காதீர்கள். ஈரத்தைத் துடைப்பதும், படிகளில் வெளிச்சமும் கைப்பிடியும் அமைப்பதும் முதலாளியின் கடமை.

உங்கள் உரிமை

இஎஸ்ஐ காப்பீடு உள்ளவர்களுக்கு, பணியின்போது ஏற்படும் காயத்துக்கு இலவச சிகிச்சை உண்டு. காயத்தால் வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு, விதிகளுக்கு உட்பட்டு, சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். இதற்குக் காயம் முறையாகப் பதிவாகியிருக்க வேண்டும். எனவே கால் பிசகிய அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு நடமாடாதீர்கள். ஆறாத தசைநார் மறுபடியும் எளிதில் பிசகும்.