ஆராய்ச்சி மாணவரும் காலக் கணக்கும்

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவரின் மக்கள் ஆராய்ச்சிப் படிப்பில் சேருங்கால், முதலில் காலக் கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். ஜே.ஆர்.எஃப். உபகாரச் சம்பளம் ஐந்தாண்டுகளுக்கே கிடைக்கும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க, 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, பொதுவாக ஆறாண்டு வரை அவகாசம் உண்டு. அந்த ஆறாவது ஆண்டில் கையில் பணமிராது. எழுத்து வேலையோ மிஞ்சி நிற்கும். ஆகவே மூன்றாம் ஆண்டிலேயே ஓர் அத்தியாயத்தை எழுதிப் பேராசிரியரிடம் காட்டிவிடுவது நலம்.

அடுத்தது வேலை. 2023 ஜூலையில் வந்த விதி, உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு நெட், செட், ஸ்லெட் ஆகியவற்றுள் ஒன்றில் தேறுவதைக் குறைந்தபட்சத் தகுதியாக்கியது. இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு மாநிலத்தின் செட் தேர்ச்சி அம்மாநிலத்தில் மட்டுமே செல்லும். தமிழ்நாட்டில் தேறியவர் அதைக் கொண்டு டில்லியில் விண்ணப்பிக்க இயலாது. நெட் தேர்ச்சியோ நாடெங்கும் செல்லும். ஊர்விட்டு ஊர் வந்த நமக்கு அதுவே ஏற்றது.