தொப்பூர் கணவாயில் பனிக்காலப் பயணம்: ஒட்டகத்தைக் கட்டிவிட்டோமா?

மார்கழி, தை மாதங்களில் தர்மபுரியிலிருந்து நிக்காஹ்வுக்கோ மருத்துவமனைக்கோ ஃபஜ்ர் தொழுத கையோடு சேலம் புறப்படும் குடும்பங்கள் பல. வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம். பனிமூட்டத்தில் அங்கே பாதை சரியாகத் தெரியாது.

2020 டிசம்பர் 12 அன்று, இந்தக் கணவாயில் நெரிசலில் நின்றிருந்த வாகனங்கள் மீது சிமென்ட் ஏற்றி வந்த லாரி மோதியதில் 4 பேர் உயிரிழந்தனர். 2024 ஜனவரி 24 அன்றும் இங்கே லாரி மோதி, கார் தீப்பிடித்து, உயிர்கள் பறிபோயின. லாரிக்காரர் மீது பழி போட்டுவிட்டு நாம் சும்மா இருந்துவிட முடியாது. நம் கார் நம் பொறுப்பு.

இறக்கத்தில் டீசல், பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பெரிய ஆபத்து. கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் முழுச் சுமையும் பிரேக் மீது விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. பழைய ஆயில் சூட்டில் கொதித்தால் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். ஆகவே 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் அல்லது மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள்.

புறப்படும் முன் பார்க்க வேண்டியவை:

* டயர் காற்று: வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் பக்கக் கதவோரம் எழுதியிருக்கும்.
* டயர் பள்ளம்: 1.6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றுங்கள்.
* முன், பின் விளக்குகள், பிரேக் லைட், வைப்பர், பேட்டரி, கூலன்ட்.

பனிமூட்டத்தில் ஹை பீம் போட்டால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். லோ பீமே போதும். ஓடும்போது நான்கு இண்டிகேட்டர்களையும் எரியவிட்டால் நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. கண்ணாடி உள்ளே மங்கினால் ஏசி காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள். முன் வண்டிக்கு நல்ல இடைவெளி விடுங்கள். படம் எடுக்கவோ தேநீர் குடிக்கவோ கணவாய்க்குள் நிறுத்தாதீர்கள். பின் இருக்கையில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் சீட் பெல்ட் அணியட்டும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.

ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் கட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக திர்மிதியில் பதிவாகியுள்ளது. பயண துஆவை ஓதும் நம் நாவோடு, பிரேக்கைச் சோதிக்கும் நம் கையும் சேரட்டும். நம்மையும், எதிரே வரும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளையும் அல்லாஹ் காப்பானாக!