தெரியுமா? வில்லுப்பாட்டுக் குடமே ஒரு சப்-வூஃபர்தான்!

இரண்டு ஸ்பீக்கர் பாட்டு செட்டோடு சப்-வூஃபர் சேர்க்கப் போகிற நாகர்கோவில்காரரா நீங்கள்? அந்த வித்தையை நம்ம கொடை மேடையில் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள், தெரியுமா?

வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வில்லில் மணிகள் கலகலக்க, குடத்துக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயில் அடிக்கிறார்: தும்! இன்னொரு கையிலுள்ள காசால் குடத்தின் வயிற்றில் தட்டுகிறார்: டக்! அந்தத் 'தும்' எப்படிப் பிறக்கிறது? குடத்துக்குள் அடைபட்ட காற்று வாய் வழியே உள்ளும் வெளியும் துள்ளுகிறது. ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட நூலில் இப்படிப்பட்ட கூடுகளின் ஒலியை அலசியிருக்கிறார். கடையில் ஓட்டை வைத்து விற்கிறார்களே சப்-வூஃபர் பெட்டி, அதுவும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்!

இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். 'டக்' எங்கிருந்து வருகிறது என்று காது உடனே காட்டிக்கொடுக்கும். 'தும்' அவ்வளவு எளிதில் பிடிபடாது. ஏறக்குறைய 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே காதுக்குத் திசை மங்கிவிடுகிறது. அதனால்தான் எந்த ஒலிக்குக் கீழே சப்-வூஃபருக்குப் போக வேண்டும் என்று பிரிக்கும் க்ராஸ்ஓவர் குமிழைப் பெரும்பாலும் அங்கே வைக்கச் சொல்கிறார்கள். 120-க்கு ஏற்றினால் ஆண்குரலின் அடிப்பகுதியும் பெட்டிக்குள் போய்விடும். பாடகர் நடுவில் நிற்க, அவர் வயிறு மட்டும் மூலையிலிருந்து பாடும்! இதைவிடக் கொடுமை கிடையாது.

சரி, அலையின் நீளம் தெரியுமா? நம்மூர் 30 டிகிரி வெக்கையில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடுகிறது. கணக்குப் போட்டால் 80 ஹெர்ட்ஸ் அலை ஒவ்வொன்றும் 4.3 மீட்டருக்கு மேல்! ஸ்பீக்கரைவிடச் சப்-வூஃபர் உங்களிடமிருந்து 2 மீட்டர் சொச்சம் தள்ளி இருந்தாலே போதும், ஒன்று தள்ள மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போய்விடும். பெட்டியின் பின்னால் 0, 180 என்று ஒரு சுவிட்ச் சும்மா கிடக்கிறதே, அது இதற்குத்தான். ஒரே பாட்டை ஓடவிட்டு இரண்டு பக்கமும் மாற்றிப் பாருங்கள். எதில் அடி கனமாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள்.

ஆனால் பெரிய வில்லன் சப்-வூஃபர் அல்ல, கான்கிரீட் ஹால்! 14 அடி நீள ஹாலில் 40 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி சுவருக்குச் சுவர் மோதித் தேங்கிவிடும். நடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கேட்காது. சுவரோரம் சாய்ந்திருக்கும் பாட்டாவுக்கோ இடி! மருந்து வேடிக்கையானது. நீங்கள் உட்காரும் நாற்காலியில் பெட்டியைத் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். 'தும்' எங்கே சுத்தமாக விழுகிறதோ அங்கே பெட்டியை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இரவில் ஒலியைக் குறைத்ததும் முதலில் பேஸ் மறைகிறதா? செட்டில் கோளாறு இல்லை. காதின் சுபாவமே அது என்று ஆய்வாளர்கள் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள்.

ஆகவே பேஸ் குமிழைக் கடைசியில் தொடுங்கள். முதலில் பெட்டியை நகர்த்துங்கள்.