எது அசல் கார்?

அப்பாவின் பழைய காரை விற்றபோது, அதன் ரசீதுகளைக் குப்பையில் போட்டேன். ‘பென்ட்லி ஓல்ட் நம்பர் ஒன்’ கதையைப் படித்த பிறகே அந்தத் தவறு உறைத்தது.

1929, 1930இல் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்ற பிரிட்டிஷ் கார் அது. 1932இல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் விபத்துக்குள்ளானது. அதை ஓட்டிய கிளைவ் டன்ஃபி உயிரிழந்தார். என்ஜின், அடிச்சட்டம், பாடி எல்லாம் காலப்போக்கில் மாறின.

பின்னாளில் 10 மில்லியன் பவுண்டுக்கு அதை வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், “இது அசல் இல்லை” என்று பின்வாங்கியது. 1990இல் வழக்கை விசாரித்த லண்டன் உயர் நீதிமன்றம் விற்றவர் பக்கமே தீர்ப்பளித்தது. பாகங்கள் மாறினாலும் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை என்பதே காரணம்.

உங்கள் வீட்டுப் பழைய காரின் ரசீதுகளையாவது பத்திரமாக வையுங்கள்.